சைக்கிளில் வந்த சாட்சிகள்

கெசியா அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று வெளியே பனிக்காற்று, உள்ளே பின்னக் கணக்கு. சமையலறை மேசையில் ஆப்பிள் கேக்கை எட்டுத் துண்டாக வெட்டி வைத்து, எட்டில் மூன்று எவ்வளவு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூட்டுக்கு ஏழு வயது. அவன் விடை சொல்வதற்கு முன்பே எட்டில் ஒன்றைத் தின்று கணக்கையே மாற்றிவிட்டான். அவன் அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் ஏழாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் போறேன்."

"போறேன்னு சொல்றியா, போகட்டுமான்னு கேக்கறியா?"

"கேக்கறேன்."

"அங்க என்ன இருக்கு, இங்க இல்லாதது?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஆளுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். கைநாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். என் அம்மா என்னையும் என் இரண்டு அண்ணன்களையும் வீட்டிலேயே படிக்கவைத்தாள். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் படிக்கவைக்கிறேன். கெசியாவுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தது நான், நட்சத்திரம் காட்டியது நான், தவளையை அறுத்துக் காட்டிவிட்டு வாந்தி எடுத்ததும் நானேதான். பன்னிரண்டு வயதுப் பெண் 'ஆளுங்க' என்று ஒரே வார்த்தையில் அத்தனையையும் ஓரமாகத் தள்ளிவிட்டாள். நான் ஆள் இல்லையா?

ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கான்சாஸில் எங்கள் பக்கம் கோதுமைதான் அதிகம், மனிதர்கள் குறைச்சல். எங்கள் தேவாலயத்தில் குழந்தைகள் என்று இருப்பது இவர்கள் இருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறவர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ள அடுத்த குடும்பத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் போய்விடும்.

"ஆளுங்கதானே வேணும்? கொண்டுவர்றேன்" என்றேன். "இந்தக் கோடை முழுக்க உலகத்தையே இந்த மேசைக்குக் கொண்டுவர்றேன். அப்பவும் உனக்குப் பள்ளிக்கூடந்தான் வேணும்னா, திறக்கறதுக்கு முன்னாடி பேசலாம்."

"பேசலாம்னா, சரின்னு அர்த்தமா?"

"பேசலாம்னா பேசலாம்னு அர்த்தம்."

நான் சும்மா வீறாப்பு பேசவில்லை. எங்கள் வீட்டு முன்னால் போகும் சாலையில்தான், ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குச் சைக்கிளிலேயே நாட்டைக் கடக்கும் பயணிகள் போவார்கள். கோடை முழுவதும் எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு, யாரையோ மனதுக்குள் திட்டிக்கொண்டு மிதிப்பார்கள். இத்தனை வருடமும் அவர்களுக்குக் கையசைத்ததோடு சரி. அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பவர்களுக்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது. அன்று மாலையே அதில் எங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னுரிமை என்றும் போட்டேன். வெந்நீரில் குளியல், துணி துவைக்க இயந்திரம், மாடியில் படுக்கை, வயிறு நிறையச் சாப்பாடு எல்லாம் உண்டு. பதிலுக்கு ஒன்றே ஒன்று: சாப்பிட்ட பிறகு மேசையிலேயே இருந்து பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் கணவன் கேலன் தானியக் கிடங்கில் வேலை செய்கிறான். அவன் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். ஆனால் வாயைத் திறந்தால் மல்யுத்தக் கோப்பைக் கதை வந்துவிடும் என்பதால் நான் அவனிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

"இதுல நான் எந்தக் கட்சி?" என்று கேட்டான்.

"நீ வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடற கட்சி."

"அதுல நான் ரொம்ப நாளா உறுப்பினர்" என்றான்.

ஒருவர் வருவதற்கு முன் அந்த வாரம் முழுக்க அவருடைய நாட்டைப் படிப்போம். கொடி, ஆறு, மலை, என்ன விளைகிறது, என்ன விற்கிறார்கள். வருகிற அன்று அந்த நாட்டுச் சாப்பாட்டை நானே சமைப்பேன். இதைவிட நல்ல பாடத்திட்டம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியிருந்தது.

முதலில் வந்தவர் ஜப்பானிலிருந்து ஹிசாகோ. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எங்கள் கதவுக் கைப்பிடி உயரம்தான் இருப்பார். நான் டப்பா மீனையும் குழைந்த சோற்றையும் வைத்துச் சுஷி உருட்டியிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சாப்பிட்டுவிட்டு, தலை குனிந்து நன்றி சொன்னார். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது, கேலனிடம் மெதுவாக, "இங்க பான்கேக் கிடைக்குமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கேலன் எழுந்து போய்ச் சுட்டுக் கொடுத்தான். ஆறு தின்றார்.

பிறகு கேள்வி நேரம். "பூகம்பம் வந்தா உங்க ஊர் நாயெல்லாம் எங்க போய் ஒளியும்?" என்று ஜூட் கேட்டான். கெசியா கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குப் பன்னிரண்டு வயசா இருந்தப்ப, ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

எவ்வளவு நல்ல கேள்வி என்று நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்தத் தோளை அப்போதே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

ஹிசாகோவின் முகம் மலர்ந்தது. பன்னிரண்டு வயதில் அவர் எங்கே இருந்திருப்பார்? பள்ளிக்கூடத்தில்தான். மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு சூப் பானையைத் தூக்கி வந்து பரிமாறுவார்களாம். சாயங்காலம் வகுப்பறையைத் தாங்களே துடைப்பார்களாம். எப்படித் துடைப்பீர்கள் என்று கெசியா கேட்க, அந்தப் பெண்மணி எழுந்து ஈரத் துணியை வாங்கி, தரையில் குனிந்து, இரண்டு கையாலும் துணியை அழுத்திக்கொண்டு சமையலறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார். வரிசையாக ஓடுவார்களாம், யார் முதலில் என்று பந்தயமாம். ஜூட்டும் கெசியாவும் துணியோடு பின்னால் ஓடினார்கள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்தத் தரை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"இந்த மாதிரிப் பள்ளிக்கூடம்னா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றான் கேலன்.

"நீ சாப்பிடற கட்சி" என்று நினைவுபடுத்தினேன்.

அடுத்தவன் சிலி நாட்டு ரொட்ரிகோ, தாடிக்காரன். அவனுக்காக நான் மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்த எம்பனாடா செய்து அடுப்பில் கருகவிட்டேன். "எங்கம்மா செய்யற மாதிரியே இருக்கு" என்றான். அவன் அம்மா சமைக்கவே மாட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கெசியா அதே கேள்வியைக் கேட்டாள். பன்னிரண்டு வயதில் அவன் பள்ளி பேண்டு வாத்தியத்தில், வாய் மேல்நோக்கி விரிந்த பெரிய பித்தளைக் குழலான டூபா ஊதினானாம். அவர்கள் ஊரில் எப்போது பார்த்தாலும் மழையாம். அணிவகுப்பு நாளில் மழை கொட்டி, டூபாவுக்குள் தண்ணீர் நிறைந்து, அவன் மூச்சைப் பிடித்து ஊத, முன்னால் நின்ற தலைமை ஆசிரியர் மேல் அருவியாகக் கொட்டியதை எழுந்து நின்று நடித்துக் காட்டினான். கெசியா சிரித்த சிரிப்பில் குடித்த பால் மூக்கு வழியாக வந்தது.

"அந்த ஆசிரியர் என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணுவாரு? நாங்க நாப்பது பேர். நாப்பது பேரையும் ஒரே நேரத்துல அடிக்க முடியுமா?"

நாற்பது பேர் என்றதும் கெசியா ஜூட்டைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பேண்டு வைத்தால் ஆளுக்கு இரண்டு வாத்தியம் வரும்.

மூன்றாவதாகக் கானாவிலிருந்து எஃபுவா, நர்ஸ். நான் அந்த வாரம் முழுக்கக் கானாவின் பெரிய அணைக்கட்டைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். அணையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். "அதுலேருந்து கரண்ட் வரும். அப்புறம் போகும்" என்று முடித்துவிட்டாள். கெசியா பன்னிரண்டு வயதைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். இடைவேளை மணி அடித்ததும் பெண் பிள்ளைகள் ஓடிப்போய் ஆடும் ஆட்டம் ஒன்று. எதிரெதிரே நின்று கைதட்டிக் குதித்து, ஒரு காலை முன்னால் நீட்ட வேண்டும். இருவரும் ஒரே கால் நீட்டினால் ஒருத்திக்குப் புள்ளி, வேறு வேறு கால் என்றால் மற்றவளுக்கு. வாசலில் போய் ஆடினார்கள். எஃபுவா அன்று முழுக்க எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இது ரெண்டு பேர் ஆட்டமில்லை, கெசியா. வரிசையா பத்துப் பொண்ணுங்க நிக்கணும். தோத்தவ வெளிய, அடுத்தவ உள்ள. அதுல வர்ற சண்டைதான் இதுல ருசியே" என்றாள்.

மறுநாள் எஃபுவா கிளம்பிப் போன பிறகு நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கெசியா கார் கொட்டகையின் கதவுக்கு எதிரே நின்று, தனியாகக் கைதட்டிக் குதித்துக் கால் நீட்டிக்கொண்டிருந்தாள். ஜூட் நான்கு தடவை தோற்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டானாம். எனக்கு எரிச்சலாக வந்தது. மனசாட்சி உறுத்தினால் எனக்கு எரிச்சல்தான் வரும், வேறு வழியில் அது எனக்கு வருவதில்லை.

"என்னம்மா, நீ கூட்டிட்டு வர்ற சாட்சியெல்லாம் வரிசையா பல்டி அடிக்குது?" என்றான் கேலன் அன்று சாயங்காலம்.

"சிரிக்காதே."

"நான் சிரிக்கலை. ஏப்பம்."

நேரே கெசியாவிடம் போனேன். "நீ வேணும்னே பண்றே. வர்றவங்க வாயிலேருந்து பள்ளிக்கூடத்தைப் பிடுங்கறே."

"பள்ளிக்கூடம்னு ஒரு வார்த்தை நான் கேட்டேனாம்மா? பன்னிரண்டு வயசுல எப்படி இருந்தீங்கன்னுதான் கேக்கறேன். எல்லாரும் அந்த வயசுல அங்கதான் இருந்திருக்காங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

நியாயமாகத்தான் பேசினாள். எதிர்க்கேள்வி கேட்கப் பழக்கியது நான்தான், அதுவும் அரிஸ்டாட்டில் வாரத்தில். அதனால் வீட்டுத் தலைவி என்ற அதிகாரத்தைப் பயன்படுத்தினேன். இனிமேல் பன்னிரண்டு வயதுக் கேள்வி கிடையாது என்று சட்டம் போட்டேன். கெசியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரி என்றாள்.

ஆகஸ்டு வந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற மாதம் அது. அப்போதுதான் எனக்கு யோகம் அடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து நெரிடா என்ற பெண்மணி இடம் கேட்டு எழுதியிருந்தார். தன்னைப் பற்றி அவர் எழுதியிருந்த முதல் வரி: 'நடுக்காட்டு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தேன், வீட்டில் என் அம்மாவிடம்தான் படித்தேன்.' அதை நான் இரண்டு தடவை படித்தேன். இப்போது அவர் பாலம் கட்டும் பொறியாளர். வீட்டில் படித்தவர், பாலம் கட்டுகிறார், உலகம் சுற்றுகிறார். இதைவிட ஒரு சாட்சி கிடைக்குமா? ஒரு இரவு போதாது, இரண்டு இரவு தங்குங்கள் என்று பதில் போட்டேன்.

அவருக்காக ஆஸ்திரேலியச் சமையலில் இறங்கவில்லை. அனுபவம் கொஞ்சம் புத்தி சொல்லியிருந்தது. எங்கள் வீட்டுப் பியராக்கையே செய்தேன். மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் உள்ளே வைத்துச் சுட்ட பன் அது. இதில் மட்டும் என்னிடம் யாரும் குறை சொல்ல முடியாது. நெரிடா ஐம்பதைத் தாண்டியவர், வெயிலில் காய்ந்த முகம், வாய் நிறையச் சிரிப்பு. நான்கு பன்னைத் தின்றுவிட்டு, ஐந்தாவதைச் சைக்கிள் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கேள்வி நேரத்தை நானே தொடங்கிவைத்தேன். "உங்கம்மாகிட்ட வீட்லயே படிச்சீங்க இல்லையா, அதைப் பத்திப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்களேன்" என்றேன். கேலன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான்.

"எங்கம்மா மாதிரி ஒரு வாத்தியார் இனிமே பொறக்கணும்" என்றார் நெரிடா. நான் கெசியாவைப் பார்த்தேன். "கிணத்து மேடையிலே உக்காந்து வடிவியல் சொல்லித்தருவாங்க. ஒரு தடவை பாம்பு வந்துச்சு. பாம்பை அடிச்சிட்டு, அதை வச்சே வளைகோடு எப்படிப் போடறதுன்னு காட்டினாங்க."

ஜூட் வாயைப் பிளந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பாம்பை அடித்தது நானே என்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

கெசியாவின் முறை வந்தது. சட்டத்தை அவள் மீறவில்லை. "உங்களுக்கு யார் ஃப்ரெண்டு?" என்று மட்டும் கேட்டாள்.

"நிறையப் பேர். ஆனா அவங்களை நான் பார்த்ததே இல்லை" என்றார் நெரிடா. "பக்கத்துப் பண்ணைக்குப் போகணும்னா சாப்பாடு கட்டிக்கிட்டுக் கிளம்பணும், அவ்வளவு தூரம். அதனால எங்களுக்கு ரேடியோ. தினமும் காலைல ஒன்பது மணிக்கு ஊர்லேருந்து ஒரு வாத்தியாரம்மா ரேடியோல ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாங்க. பொத்தானை அமுக்கிட்டு வணக்கம் சொல்லணும். அரை மணி நேரம் பாடம், மிச்சமெல்லாம் அம்மாதான். அந்த அரை மணி நேரத்துல வர்ற குரலுங்கதான் என் ஃப்ரெண்டுங்க. டெஸ்ஸான்னு ஒருத்தி, அவ பேசறப்ப எல்லாம் பின்னாடி ஒரு சேவல் கூவும்."

"அப்போ நேர்ல பார்க்கவே இல்லையா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் ஊர்ல ஒண்ணு சேர்ப்பாங்க. முதல் தடவை நான் போனப்ப மைதானம் முழுக்கப் பிள்ளைங்க. யார் யாருன்னே தெரியலை. பயந்துபோய் ஓரமா நின்னேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டேன். மூடினதும் எல்லாரும் தெரிஞ்சாங்க. அதோ டெஸ்ஸா, அதோ இன்னொருத்தன். அப்படியே கண்ணை மூடிக்கிட்டே நடந்து போய் டெஸ்ஸா மேல இடிச்சிட்டேன். அவளும் கண்ணை மூடிக்கிட்டுதான் நின்னுட்டிருந்தா."

கெசியா ஒரு மூச்சை இழுத்து விடாமல் வைத்திருந்தாள். இந்தச் சாட்சியும் என் கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு மைதானத்தில் நடப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

"பதிமூணு வயசுல ஊருக்கு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நானேதான் கேட்டுப் போனேன்" என்று நெரிடா முடித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஜூட் இருக்கிறானே. "அப்போ உங்கம்மா தனியா என்ன பண்ணாங்க?" என்றான்.

நெரிடா சிரித்தார், ஆனால் இந்தச் சிரிப்பு கொஞ்சம் சின்னது. "அதை எங்கம்மா ரொம்ப வருஷம் எங்கிட்ட சொல்லலை. நான் போன பிறகும் தினமும் ஒன்பது மணிக்கு ரேடியோவைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம். வாத்தியாரம்மா ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாங்க. என் பேர் வர்ற இடத்துல இப்ப வேற யார் பேரோ வரும். அதைக் கேட்டுட்டு ரேடியோவை நிறுத்திட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுவாங்களாம். ஒரு மழைக்காலம் பூரா அப்படிப் பண்ணியிருக்காங்க." பிறகு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அப்புறம் அந்த நேரத்துல பியானோ கத்துக்கிட்டாங்க. கேக்கச் சகிக்காது."

கேலன், கெசியா, ஜூட் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேலனின் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நெரிடா மறுநாளும் இருந்தார். ஜூட்டோடு சேர்ந்து ஓடையில் குச்சியால் ஒரு பாலம் கட்டினார், அதில் எங்கள் கோழி நடந்து போயிற்று. மூன்றாம் நாள் காலை, காற்று எழுவதற்கு முன் கிளம்பிவிட்டார். அவர் சாலைத் திருப்பத்தில் மறையும்வரை கையசைத்துவிட்டு உள்ளே வந்து மாவு கலக்கி அப்பம் சுட ஆரம்பித்தேன். கெசியா மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் யோசிச்சேன். நான் வீட்லயே படிக்கறேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "ஏன்?"

"சும்மாதான். ஏழாம் வகுப்பு அப்படி ஒண்ணும் பெரிசில்லை. அடுத்த கோடையிலயும் நிறையப் பேர் வருவாங்க இல்ல?"

"நெரிடா சொன்னதைக் கேட்டுட்டா?"

"இல்லை" என்றாள், ரொம்ப வேகமாக. பிறகு மேசையில் சிந்தியிருந்த மாவை விரலால் கோடு இழுத்துக்கொண்டே, "நீ அந்த மாதிரி ரேடியோவைப் போட்டுட்டு உக்காந்திருக்கக் கூடாது" என்றாள்.

"நம்ம வீட்ல ரேடியோவே கிடையாதேடி."

"அப்பா வண்டியில இருக்கு" என்றான் ஜூட், வாய் நிறைய அப்பத்தோடு.

நான் ஜெயித்துவிட்டேன். பிப்ரவரியிலிருந்து நான் ஆசைப்பட்டது இதுதான், இந்த வாய், இந்த வார்த்தை. என் பெண் போகவில்லை என்று அவளாகவே சொல்லிவிட்டாள். சந்தோஷத்தில் குதிக்க வேண்டும். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. என் பாடம் நன்றாக இருக்கிறது என்று அவள் தங்கவில்லை. அம்மா தாங்க மாட்டாள் என்று தங்குகிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது! அந்தப் பாம்பை அடித்த அம்மா அழுதாலும், போ என்று அனுப்பிவிட்டுத்தானே அழுதாள். நான் அழுவதற்கு முன்பே என் பெண் எனக்காக விட்டுக்கொடுக்கிறாள். இப்படிக் கிடைக்கிற வெற்றி எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி பேசலாம்னு சொன்னேன் இல்ல?" என்றேன்.

"ஆமா."

"பேசியாச்சு. போய்ச் செருப்பை மாட்டு. இன்னிக்குச் சேர்க்கை முடிஞ்சிரும்."

அவள் நகரவில்லை. "அம்மா, நீ அழறியா?"

"ஆமா, அழறேன். அழுதுக்கிட்டே வண்டி ஓட்டத் தெரியும் எனக்கு. எந்திரி."

கேலன் கதவருகே காபியோடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. சாவியை என் கையில் வைத்தான்.

சேர்க்கை எளிதாக முடிந்தது. அலுவலகத்தில் இருந்த பெண்மணி அவளுக்குக் கணக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் கெசியா, "தெரியும், எங்கம்மா நல்லா சொல்லிக்கொடுப்பாங்க" என்றாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் அந்த வாரத்தை ஓட்டினேன்.

திறக்கிற நாள் காலை அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். ஜூட் பின் இருக்கையில், காலுறை போடாமல், இனிமேல் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கவலையில் இருந்தான். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினேன். கெசியா இறங்கவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மஞ்சள் பேருந்துகள் வந்து நின்றன. பிள்ளைகள் இறங்கி, ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

"அம்மா, உள்ள எப்படி இருக்கும்?"

சிலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மழை எப்படிப் பெய்யும் என்று எனக்குத் தெரியும். ஜப்பானில் வகுப்பறைத் தரையை எப்படித் துடைப்பார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் இந்தக் கட்டடத்துக்குள், சேர்க்கைக்கு வந்த அந்த அலுவலக அறையைத் தாண்டி நான் ஒரு அடி வைத்ததில்லை. அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். தெரியாவிட்டால் புத்தகத்தைப் புரட்டியாவது சொல்லியிருக்கிறேன்.

"எனக்குத் தெரியாதுடா கண்ணு" என்றேன். "நீ போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, சொல்றேன்" என்று இறங்கிக் கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், பிறகு ஓடினாள், ஓடிப்போய் அந்தக் கூட்டத்தின் கடைசியில் சேர்ந்துகொண்டாள்.

கூட்டத்தில் கலந்தால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. அவள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் மேலே அவள் தலை தனியாகத் தெரிந்தது. வீட்டில் ஜூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவள் பெரியவள், எனக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சின்னவள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் பெண் உயரமானவள் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.